சீமைக்காரனுக்குத் தாம்பூலம், நம்ம வயலுக்கு நோட்டீஸ்!



கார் நடவுக்கு நாற்றுப் பாவிவிட்டு, மேற்கே மலையைப் பார்த்துக்கொண்டு நிற்கிற ஆட்கள் நாம். அருவியில் தண்ணீர் விழுந்தால் குளிக்க வருகிறவர்களுக்கு சீசன். நமக்கு அது வயலுக்கு வரும் தண்ணீர். குற்றாலத்தில் ஊரெல்லாம் குளித்த தண்ணீர்தான் சிற்றாற்றில் இறங்கி, அணைக்கட்டு அணைக்கட்டாக ஏறி, கால்வாய் வழியாகக் குளத்துக்கு வந்து, மடை திறந்து நம்ம வயலில் பாய்கிறது. மிச்சம் இருந்தால் வீரகேரளம்புதூர் தாண்டி, கங்கைகொண்டான் தாண்டி, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்கிறது. இந்தக் கணக்கை முதலிலேயே சொல்லிவைக்கிறோம். கங்கைகொண்டான் என்ற பெயர் பின்னால் வரும்.

கொஞ்ச நாளைக்கு முன்னால் நம்ம பகுதியில் ஒரு குளத்தங்கரை டீக்கடைக்கு ஒரு கார் வந்தது. இறங்கியவர் வெள்ளைச் சட்டை, கையில் சர்வே நம்பர் அச்சடித்த தாள். கடைமடைப் பக்கம் அறுபது ஏக்கர் வேணுமாம். "பெரிய வெளிநாட்டுக் கம்பெனி வருது அண்ணாச்சி, கவர்மெண்டே கூப்பிட்டு வருது. இப்ப குடுத்தா நல்ல விலை. பொறவு நோட்டீஸ்தான் வரும்" என்றார். என்ன கம்பெனி, எந்த நாடு, என்ன செய்யப் போகிறது என்று கேட்டோம். "அதெல்லாம் மேல உள்ள சமாச்சாரம்லா" என்று மேலே கையைக் காட்டினார். மேலே மின்விசிறிதான் சுற்றிக்கொண்டிருந்தது. ஆனாலும் இரண்டு பேர் அட்வான்ஸ் வாங்கிவிட்டார்கள். ஒருவருக்கு மகள் கல்யாணம், இன்னொருவருக்கு நகைக்கடன். அவர்களைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த இரண்டு வயலும் வாய்க்கால் நடுவில் கிடக்கிற வயல்கள். அது கைமாறி வேலி விழுந்தால் அதற்குக் கீழே உள்ள நாற்பது குடும்பத்துக்குத் தண்ணீர் எந்த வழியாகப் போகும்? தண்ணி போகாத நஞ்சை தானாகப் புஞ்சையாகிவிடும். அப்புறம் "இது தரிசு நிலம்தானே" என்று எழுதிக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகும்?

அந்தக் கார்க்காரர் சொன்னதில் ஒன்று மட்டும் பொய் இல்லை. கவர்மெண்டே கூப்பிடுகிறது என்பது நிஜம். 1991இல் புதிய பொருளாதாரக் கொள்கை வந்த நாளிலிருந்து டெல்லியில் எந்தக் கட்சி ஆண்டாலும் உலகம் முழுக்கப் போய் "வாங்க, வந்து முதலீடு போடுங்க" என்று அழைப்பதே பெரிய வேலையாகப் போய்விட்டது. 2014 செப்டம்பரில் 'மேக் இன் இந்தியா' என்று சிங்க முத்திரை குத்தி அழைத்தார்கள். கோட்டையிலும் அப்படித்தான். 2015இல் சென்னையில் உலக முதலீட்டாளர் மாநாடு: 98 ஒப்பந்தம், 2 லட்சத்து 42 ஆயிரம் கோடி. 2019இல் ஆட்சித் தலைமை மாறியிருந்தது, மாநாடு மாறவில்லை: 304 ஒப்பந்தம், 3 லட்சம் கோடி. 2024 ஜனவரியில் ஆளும் கட்சியே மாறியிருந்தது. ஒப்பந்தம் 631, தொகை 6 லட்சத்து 64 ஆயிரம் கோடி, நேரடியாகவும் மறைமுகமாகவும் 26 லட்சத்து 90 ஆயிரம் பேருக்கு வேலை என்றார்கள். 2025 ஆகஸ்டில் நம்ம பக்கம் தூத்துக்குடியிலேயே ஒரு மாநாடு: 41 ஒப்பந்தம், 32,554 கோடி. இடையில் துபாய், சிங்கப்பூர், ஜப்பான், ஸ்பெயின், அமெரிக்கா, ஜெர்மனி என்று நேரிலும் போய் வந்தார்கள்.

இந்தப் புரிந்துணர்வு ஒப்பந்தம் என்பது என்ன என்று நம்ம ஆட்கள் பலர் கேட்கிறார்கள். நிச்சயதாம்பூலம் என்று நினைத்துவிட வேண்டாம். பெண் பார்க்க வந்து சொஜ்ஜி பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, "ஊருக்குப் போய் கடிதம் போடுறோம்" என்று சொல்லிப் போகிறார்களே, அந்த அளவுதான். வந்தே தீர வேண்டும் என்று கம்பெனிக்குக் கட்டாயம் கிடையாது. ஆனால் அந்தச் சொல்லை நம்பி இங்கே நிலம் கையகப்படுத்தும் வேலை தொடங்கிவிடும். அவன் வராமல் போனால் அவனுக்கு நஷ்டம் இல்லை. நிலம் போனவனுக்கு நிலம் போனதுதான்.

உதாரணத்துக்கு எங்கேயும் போக வேண்டாம். நாங்குநேரிக்குப் போய்ப் பாருங்கள். 1990களின் கடைசியில் தொழில்நுட்பப் பூங்கா என்றார்கள். பிறகு சிறப்புப் பொருளாதார மண்டலம் என்றார்கள். இரண்டாயிரம் ஏக்கருக்கு மேல் எடுத்தார்கள். ஆடு மேய்ந்த காடு, மானாவாரி விதைத்த காடு. இருபது வருஷம் தாண்டியும் அதில் பெரும்பகுதி சும்மா கிடந்தது. தேர்தலுக்குத் தேர்தல் எல்லாக் கட்சிக்காரர்களும் அந்த மண்டலத்தை வைத்து ஓட்டுக் கேட்டதுதான் அதில் விளைந்த விளைச்சல்.

சரி, வந்த கம்பெனிகள் கதை என்ன? நோக்கியா ஸ்ரீபெரும்புதூருக்கு வந்தது. சுமார் 200 ஏக்கர், வரிச் சலுகை, தடையில்லா மின்சாரம். 2006இல் உற்பத்தி தொடங்கியது. உச்சத்தில் இருந்தபோது எட்டாயிரம் பேர் நேரடியாக வேலை பார்த்தார்கள். நம்ம தென்மாவட்டத்துப் பெண்பிள்ளைகளும் அங்கே போய் விடுதியில் தங்கி வேலை பார்த்தார்கள். வரித் தகராறு வந்தது, கம்பெனி கைமாறியது, 2014 நவம்பர் 1ஆம் தேதி கேட்டைச் சாத்தினார்கள். எட்டு வருஷம்! நாம் ஒரு தென்னம்பிள்ளை வைத்தால் அது நன்றாகக் காய்த்துக் குலுங்குகிற காலம் அது. ஃபோர்டு கம்பெனி 1990களில் மறைமலைநகருக்கு வந்தது. 2021 செப்டம்பரில் "போகிறோம்" என்று அறிவித்தது. 2022இல் உற்பத்தி நின்றது. பிறகு 2025இல் எஞ்சின் செய்கிறோம் என்று மறுபடியும் கையெழுத்துப் போட்டிருக்கிறது. வரட்டும். ஆனால் நடுவில் வேலை இழந்தவனுக்கு என்ன வயசு ஆகியிருக்கும் என்று யாராவது கேட்டார்களா?

இப்போது கங்கைகொண்டானுக்கு வருவோம். அங்கே சிப்காட் வளாகத்தில் கோகோ-கோலா பாட்டில் ஆலை வந்தபோது 2005இல் நெல்லைச் சீமையே போராடியது, தடியடி நடந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம், பாலக்காடு பிளாச்சிமடையில் அதே கம்பெனியின் ஆலையை 2004 மார்ச்சில்தான் மக்கள் போராடி நிறுத்தியிருந்தார்கள். அங்கே மூடினதை இங்கே திறக்கிறீர்களே என்று கேட்டதுதான் நம்ம குற்றம். பின்னால் பெப்சிக்கும் அங்கே இடம் கிடைத்தது. தாமிரபரணித் தண்ணீர் இந்த ஆலைகளுக்கு ஆயிரம் லிட்டர் 37 ரூபாய் 50 காசு என்று போனது. கணக்குப் போடுங்கள்: லிட்டர் மூணேமுக்கால் காசு. அதே தண்ணீர் சர்க்கரையும் காற்றும் ஏறி நம்ம ஊர்க் கடைக்கு என்ன விலைக்குத் திரும்பி வருகிறது என்பது உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கே தெரியும்.

2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி மாவட்டம் என்று அரசே அறிவித்தது. பிசானம் கருகியது. 2016 நவம்பரில் மதுரை உயர் நீதிமன்றக் கிளை, ஆலைகளுக்குத் தண்ணீர் எடுக்க இடைக்காலத் தடை போட்டது. 2017 மார்ச் 2ஆம் தேதி அந்த வழக்குகள் தள்ளுபடியாயின. அதற்கு முந்தின நாளிலிருந்துதான் வணிகர் சங்கங்கள் இந்தப் பானங்களை விற்பதை நிறுத்தியிருந்தன. கோர்ட் சொன்னதைப் பற்றி நாம் பேசப் போவதில்லை. நாம் கேட்பது கோட்டையை. 2002ஆம் வருஷத் தேசிய நீர்க்கொள்கையில் வரிசை போட்டு எழுதியிருந்தது: முதலில் குடிநீர், அடுத்து பாசனம், அதற்கடுத்து நீர்மின்சாரம், சுற்றுச்சூழல், அப்புறம்தான் தொழிற்சாலை. ஐந்தாம் இடத்தில் நிற்க வேண்டியவன் எப்படி முதல் பந்தியில் உட்கார்ந்தான்? 2012இல் புதுக்கொள்கை வந்தபோது அந்த வரிசையே காணாமல் போய்விட்டது என்பதையும் கவனியுங்கள்.

இப்படியெல்லாம் எழுதினால் "இவங்க எதுக்கெடுத்தாலும் எதிர்ப்பாங்க, தொழிலே வேண்டாம்னு சொல்லுதாங்க" என்று ஒரு பேச்சு கிளம்பும். அது தப்பு. நம்ம சங்கத்து ஆட்கள் வீட்டுப் பிள்ளைகளே டிப்ளமோ முடித்துவிட்டு திருப்பூரிலும் சென்னையிலும் கேரளத்திலும் கிடக்கிறார்கள். போன பொங்கலுக்கு ஊருக்கு வந்த ஒரு பையன், "அப்பா, ரெண்டு கோட்டை விதைப்பாட்டுல வருஷத்துக்கு உங்களுக்கு என்ன மிஞ்சும், சொல்லுங்க பார்ப்போம்" என்று கேட்டான். அவன் அப்பா நம்ம சங்கத்தில் பொறுப்பில் இருப்பவர். உரம், உழவு, நடவு ஆள்கூலி, அறுப்பு எந்திரம் என்று கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு, பதில் சொல்லாமல் எழுந்து போய்விட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் நாம் இந்தத் துண்டறிக்கையை எழுதவில்லை. நம்ம மாவட்டத்துக்குத் தொழில் வேண்டும். பீடி சுற்றி நெஞ்சு காய்ந்து போன தாய்மார்களுக்கு வேறு வேலை வேண்டும். தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் 2011இல் ஒரு மென்பொருள் கம்பெனி வந்து கிராமத்திலேயே வேலை கொடுத்ததை யாரும் எதிர்த்துக் கொடி பிடிக்கவில்லையே!

வெள்ளைக்கார முதலீட்டையும் நம்ம சீமை புதுசாகப் பார்க்கவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் குற்றாலத்திலேயே ஜாதிக்காய், கிராம்புத் தோட்டம் போட்டுப் பார்த்தவன். அவனுக்கு முன்னால் கிஸ்தி கட்ட மாட்டேன் என்று நின்ற பூலித்தேவரின் நெற்கட்டும்செவல் இன்றைக்கு நம்ம தென்காசி மாவட்டத்தில்தான் இருக்கிறது. 1885இல் ஹார்வி சகோதரர்கள் பாபநாசம் அருவியின் விசையை நம்பி விக்கிரமசிங்கபுரத்தில் பஞ்சாலை போட்டார்கள். தலைமுறை தலைமுறையாக அந்த ஆலை எத்தனையோ வீட்டுக்கு அடுப்பெரித்தது, மறுக்கவில்லை. அருவியின் விசையை எடுத்துக்கொண்டு தண்ணீரை ஆற்றுக்கே விட்ட தொழில் அது. ஆனால் அதே ஹார்வியின் தூத்துக்குடி கோரல் மில்லில் கூலி எப்படி உயர்ந்தது? முதலாளி மனம் இரங்கியா? 1908 பிப்ரவரி கடைசியில் தொழிலாளிகள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள், வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கூட நின்றார்கள், கூலி உயர்ந்தது. அடுத்த வாரமே இரண்டு தலைவர்களையும் பிடித்து உள்ளே போட்டான் கலெக்டர். நெல்லையில் கலகம் வெடித்தது. கேட்காமல் எதுவும் வராது என்பதை இந்த மாவட்டத்துக்காரனுக்கு யாரும் புதுசாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்தக் காலத்திலும் பாருங்கள். 2024இல் ஒப்பந்தம் போட்ட வியட்நாம் கார்க் கம்பெனி வின்ஃபாஸ்ட், தூத்துக்குடி சிலாநத்தம் சிப்காட்டில் 400 ஏக்கரில் ஆலை கட்டி, 2025 ஆகஸ்டில் திறந்தும் விட்டது. ஒப்பந்தம் போட்டவர்களில் வந்தவர்களும் உண்டு என்பதற்கு அது சாட்சி. அதே தூத்துக்குடியில்தான் லண்டன் முதலாளியின் தாமிர ஆலையை எதிர்த்து ஊர்வலம் போன மக்கள் மேல் 2018 மே மாதம் துப்பாக்கிச் சூடு நடந்து 13 பேர் செத்தார்கள். மேற்கு வங்கத்தில் நந்திகிராமத்தில் இந்தோனேசியக் கம்பெனியின் ரசாயன மண்டலத்துக்கு நிலம் தர மாட்டோம் என்றவர்களில் 14 பேரை 2007 மார்ச்சில் பறிகொடுத்தார்கள். ஆக, வெளிநாட்டுக் கம்பெனி நல்லதா கெட்டதா என்று மொட்டையாகக் கேட்பதில் அர்த்தம் இல்லை. எந்தத் தொழில், யார் நிலம், எவ்வளவு தண்ணி, கழிவு எங்கே போகும், யாரைக் கேட்டு முடிவு செய்தார்கள்? இதுதான் கேள்வி.

யாரைக் கேட்டு என்கிற இடத்தில்தான் பெரிய மோசம் இருக்கிறது. 2013இல் மத்திய அரசு நில எடுப்புச் சட்டம் கொண்டுவந்தது. தனியார் திட்டம் என்றால் நில உடைமையாளர் நூற்றுக்கு 80 பேர் சம்மதிக்க வேண்டும். சமூகத் தாக்க மதிப்பீடு நடத்த வேண்டும். பாசன வசதியுள்ள பலபோக நிலத்தைக் கடைசிப் பட்சமாகத்தான் தொட வேண்டும். நல்ல விதிகள். தமிழ்நாட்டு அரசு என்ன செய்தது? 1997ஆம் வருஷத்துத் தொழில் நோக்கத்துக்கான நில எடுப்புச் சட்டம் உட்பட மூன்று மாநிலச் சட்டங்களுக்கு இதிலிருந்து விலக்கு வாங்கிக்கொண்டது. 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. அதே வருஷம் சட்டமன்றத்தில் புதுச் சட்டம் போட்டு மூன்றுக்கும் உயிர் கொடுத்தார்கள். 2021இல் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றுவிட்டது. ஆக சிப்காட்டுக்கு நிலம் என்றால் சம்மதமும் இல்லை, தாக்க மதிப்பீடும் இல்லை. இழப்பீடு மட்டும் உண்டு. போதாததற்கு 2023 ஏப்ரலில் நில ஒருங்கிணைப்புச் சட்டம் என்று ஒன்று, விவாதமே இல்லாமல் நிறைவேறியது. நூறு ஹெக்டேருக்குக் குறையாத பெரிய திட்டம் என்றால், நடுவில் கிடக்கிற குளம், ஓடை, வாய்க்காலையும் சேர்த்துக் கொடுக்க வழிசெய்யும் சட்டம். குளத்தை நம்பிப் பிழைக்கிற நம்ம மாவட்டத்துக்கு இதைவிட ஆபத்தான காகிதம் கிடையாது.

இதை எதிர்த்துப் பேசினால் என்ன ஆகும் என்பதற்குத் திருவண்ணாமலை மாவட்டம் மேல்மா சாட்சி. செய்யாறு சிப்காட் விரிவாக்கத்துக்கு மூவாயிரம் ஏக்கருக்கு மேல் விளைநிலம் எடுப்பதை எதிர்த்து உட்கார்ந்த விவசாயிகளில் 7 பேர் மேல் 2023 நவம்பரில் குண்டர் சட்டம் பாய்ந்தது. ஏர் பிடித்தவன் குண்டன்! ஊரெல்லாம் கொதித்த பிறகு 6 பேர் மேல் போட்டதை அரசு உடனே திரும்பப் பெற்றது.

இங்கே காற்றாலை வந்த கதையும் உங்களுக்குத் தெரியும். செங்கோட்டைக் கணவாய் வழியாக அடிக்கிற காற்று நம்ம பயிரைச் சாய்த்தாலும் அவர்களுக்குக் காசு. ஒரு காற்றாலைக்கு உண்மையில் வேண்டியது கொஞ்சம் இடம். ஆனால் நம்ம பகுதி ஒன்றில் இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு கம்பெனி புரோக்கர்களை வைத்து வரிசையாக வாங்கிக்கொண்டே போனது. பாதை போட ஓடையில் மண்ணடித்தது. கீழே உள்ள கண்மாய்க்கு இரண்டு வருஷம் தண்ணீர் சேரவில்லை. மனுக் கொடுத்து, மறியல் செய்து, கடைசியில் ஒரு குழாய்ப் பாலம் வைத்துத் தந்தார்கள். அன்றைக்கு ஏக்கர் சில ஆயிரத்துக்குக் கொடுத்தவர்களில் ஒருவர் இப்போது அதே காற்றாலைக்குக் காவல்காரர். "என் வயலுக்கு நானே வாட்ச்மேன் வே" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். அவர் சிரிப்பதைப் பார்க்க நமக்குத்தான் முடியவில்லை.

வெளிநாட்டுக்காரனுக்கு என்று வரும்போது அரசாங்கத்தின் கை எவ்வளவு வேகம்! ஒற்றைச் சாளரம், குறித்த நாளுக்குள் அனுமதி, 2021ஆம் வருஷத் தொழில் கொள்கையில் நம்ம மாதிரிப் பின்தங்கிய தென்மாவட்டங்களில் சிப்காட் நிலம் பாதி விலை. நமக்கு? இராமநதி – ஜம்புநதி இணைப்புக் கால்வாய்க்கு எத்தனை மனு, எத்தனை ஆய்வு, எத்தனை அமைச்சர் வாக்குறுதி! வாசுதேவநல்லூர், சிவகிரி பக்கத்து ஆட்கள் உடைந்து கிடக்கிற செண்பகவல்லித் தடுப்பணைக்காகப் பேச ஆரம்பித்தபோது வாலிபர்கள். இன்றைக்குப் பேரன் எடுத்துவிட்டார்கள். நமக்கு எந்தச் சாளரமும் திறக்கவில்லை.

முதலீடு வேண்டும் என்றால் நாமே இடம் காட்டுகிறோம். புளியங்குடி எலுமிச்சை வரத்துக் கூடினால் பறிகூலிக்குக் கட்டாமல் மரத்தடியிலேயே அழுகுகிறது. பாவூர்சத்திரம் சந்தையில் தக்காளி விலை விழுந்தால் ரோட்டோரம் கொட்டுகிறோம். சின்ன வெங்காயம் பட்டறையில் முளைக்கிறது. எலுமிச்சைப் படம் போட்டு பாட்டில் விற்கிற எந்தப் பெரிய கம்பெனியும் நம்ம சந்தை ஏலத்தில் வந்து நின்றதை நாங்கள் பார்த்ததில்லை. சாறு பிழிகிற ஆலை, குளிர்பதனக் கிட்டங்கி, நெல் உமியில் மின்சாரம் என்று எவன் வந்தாலும், அவன் டென்மார்க்காரனோ ஜப்பான்காரனோ, தரிசைக் காட்டி, விலையை எழுத்தில் வாங்கிக்கொண்டு, மாலை போட்டு வரவேற்க நாம் தயார். ஆனால் குளத்து ஆயக்கட்டில் ஒரு சென்ட் கிடையாது.

எனவே நாம் கேட்பது இதுதான். தென்காசி மாவட்டத்துக்கு என்று போடப்பட்ட ஒப்பந்தம் எதுவானாலும் அதில் எவ்வளவு நிலம், எந்தச் சர்வே நம்பர், ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி, என்ன சலுகை என்பதைத் தமிழில் அச்சடித்து ஊராட்சி அலுவலகத்தில் ஒட்ட வேண்டும். சிற்றாறு, அனுமன்நதி, கருப்பாநதி, இராமநதி, கடனாநதிப் பாசன நஞ்சையை எந்தத் திட்டத்துக்கும் தொடுவதில்லை என்று அரசு எழுத்தில் உறுதி தர வேண்டும். 2023ஆம் வருஷ நில ஒருங்கிணைப்புச் சட்டம் ரத்தாக வேண்டும். நிலம் கொடுத்தே ஆக வேண்டிய இடத்தில் கிராம சபை சம்மதம் முதலில், அளவுக்கல் பிறகு. நிலம் கொடுத்த வீட்டுக்கு நிரந்தர வேலை. காண்ட்ராக்டில் தள்ளுகிற வேலை வேண்டாம்.

பெருமக்களே, அதுவரை நம்ம கையில் உள்ளதை நாம் செய்வோம். புரோக்கர் நீட்டுகிற தாளில் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பவர் பத்திரம் எழுதிக் கொடுக்கவே வேண்டாம். அதை வைத்து அவன் யாருக்கு விற்றான் என்று தேடுவதற்குள் நம்ம ஆயுசு முடிந்துவிடும். ஏற்கெனவே அட்வான்ஸ் வாங்கிய இரண்டு பேரும் சங்கத்துக்கு வரட்டும். யாரும் ஒரு சொல் கடிந்து பேச மாட்டோம். திருப்பிக் கொடுக்கப் பணம் குறைந்தால் கடைமடைக்காரர்கள் நாற்பது வீடும் ஆளுக்குக் கொஞ்சம் போடுவது என்று போன கூட்டத்தில் பேசியாகிவிட்டது. அடுத்த கிராம சபையில் ஒவ்வொரு ஊரிலும் ஆயக்கட்டு நிலத்தை விட மாட்டோம் என்று தீர்மானம் எழுத வேண்டும். தலைவர் மினிட் புத்தகத்தில் ஏற்றும் வரை யாரும் எழுந்து வர வேண்டாம்.

இந்த மாத விவசாயிகள் குறைதீர்க்கும் நாளன்று காலை பத்து மணிக்குத் தென்காசி கலெக்டர் ஆபீஸ் முன்னால் கூடுகிறோம். வருகிறவர்கள் பட்டா, சிட்டா, அடங்கல் நகல் இரண்டு செட் எடுத்து வரவும். தீர்வை ரசீது பழசு இருந்தால் அதுவும். தாய்மார்கள் அவசியம் வர வேண்டும். பாதிப் பட்டா அவர்கள் பேரில்தான் இருக்கிறது. சாப்பாடு கட்டி வந்துவிடுங்கள், எவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்ல முடியாது.